பதினாறு மில்லிசெக்கனுக்குள் ஒரு படம்

கண்டியில் கொம்பியூட்டர் திருத்தும் எந்தக் கடை வாசலில் சற்று நேரம் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "அண்ணா, இன்னொரு ரெம் போட்டா கேம் ஓடுமா?" கேட்பவர் உயர்தரம் படிக்கும் பையனாக இருப்பார். காசு கொடுக்கப்போகிற அம்மா பக்கத்தில் நிற்பார். கடைக்காரரின் பதில், அன்றைக்கு அவருடைய அலுமாரியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரெம் இருந்தால் ரெம், எஸ்.எஸ்.டி. இருந்தால் எஸ்.எஸ்.டி. இரண்டும் இல்லாத நாளில் "விண்டோஸ் அடிச்சுப் பார்ப்போம் தம்பி" என்பார்.

இந்தக் கேள்விக்கு இன்று ஒரு கனம் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவை எட்டியது. 150 டொலர் பெறுமதியான கிராபிக்ஸ் கார்ட் ஒன்று, வரியும் இலாபமும் சேராமலே, 30,000 ரூபாவிலிருந்து 54,000 ரூபாவுக்குத் தாவியது. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமானது. விளையாடுவதற்கென்று புதுக் கொம்பியூட்டர் வாங்குவது பல வீடுகளில் பேச்சுக்கே எடுக்க முடியாத விடயமாகிவிட்டது. வெளிநாட்டுக் கந்தோர்களில் உழைத்து ஓய்ந்து, பாவித்த பொருளாக இங்கே வந்திறங்கும் டெல், எச்.பி. பெட்டிகள்தான் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன.

அப்படியான ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2012-இல் வெளிவந்த டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010. உள்ளே அதே ஆண்டின் இன்டெல் கோர் ஐ5-3470 புரொசசர்: நான்கு கோர்கள், 3.2 கிகாஹேர்ட்ஸ். 4 ஜி.பி. ரெம், சுழலும் ஹார்ட் டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. கட்டுகஸ்தோட்டையிலோ பிலிமத்தலாவையிலோ ஒரு வீட்டின் முன்னறை மூலையில் அது இருக்கிறது. அதன் மீது வீட்டார் சொல்லும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: முந்தி நல்லா ஓடினது, இப்ப மந்தம்.

குற்றச்சாட்டில் பாதி பொய். சிலிக்கன் சிப்புக்கு முழங்கால் வலி வருவதில்லை. 2012-இல் ஒரு செக்கனுக்கு 320 கோடி முறை துடித்த அதே கடிகாரம் இன்றும் அதே வேகத்தில் துடிக்கிறது. வளர்ந்தவை கேம்கள். 2023 செப்டெம்பர் 27 அன்று வால்வ் நிறுவனம் 'கவுன்டர்-ஸ்ட்ரைக் 2'-ஐ வெளியிட்டு, பழைய 'கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் ஒஃபென்சிவ்' இருந்த இடத்தில் அதை வைத்தது. டைரக்ட்எக்ஸ் 9-க்கும் 32 பிட் விண்டோஸுக்கும் ஆதரவு அத்தோடு நின்றது. முதல் நாள் இரவு வரை ஓடிய மெஷின் மறுநாள் திணறியது. அதில் ஒரு ஆணிகூடத் தளரவில்லை.

மீதிப் பாதி உண்மை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே தெரியவந்தன. அவற்றை அடைக்க வந்த மென்பொருள் ஒட்டுகள் ஐ5-3470 காலத்துப் புரொசசர்களைப் புதியவற்றைவிடக் கூடுதலாக மந்தமாக்கின. மைக்ரோசொஃப்டே அதை ஒப்புக்கொண்டது. அதைவிடப் பெரிய உண்மை தூசும் சூடும். அவற்றுக்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

முதலில் அளவுகோல். திரையில் அசைவாகத் தெரிவதெல்லாம் அடுத்தடுத்து வரும் அசையாப் படங்கள். அவற்றை ஃபிரேம் என்கிறோம். செக்கனுக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தயாரிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெக்கன். 30 ஃபிரேம் போதுமென்றால் 33.3 மில்லிசெக்கன். அந்தச் சிறு இடைவெளியில் புரொசசர், எதிரி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எதில் பட்டது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைப் பட்டியலைக் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கிறது. கிராபிக்ஸ் சிப் அதை வாங்கி, திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டுகிறது. இது இந்தப் படத்தைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதே புரொசசர் அடுத்த படத்துக்கான பட்டியலைத் தொடங்கிவிடும். ஆகையால் ஒரு ஃபிரேமுக்கான நேரத்தை இருவரின் நேரத்தையும் கூட்டிப் பெற முடியாது. இருவரில் யார் அதிக நேரம் எடுக்கிறாரோ, அவருடைய நேரம்தான் ஃபிரேமின் நேரம்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் வீதியை எவ்வளவு அகலப்படுத்தினாலும், பஸ் பேராதனையைத் தாண்டி கெட்டம்பேயில் நிற்கத்தான் போகிறதென்றால் வீடு போய்ச் சேரும் நேரம் குறையாது. ஏற்றத்தில் மிச்சம் பிடித்த பத்து நிமிடமும் கெட்டம்பேயில் கரைந்துவிடும்.

இதை எண்களில் பார்ப்போம். ஒரு கேமில் புரொசசருக்கு 12 மில்லிசெக்கனும் கிராபிக்ஸ் சிப்புக்கு 31 மில்லிசெக்கனும் ஆகிறது என்று வையுங்கள். கிடைப்பது செக்கனுக்கு 32 ஃபிரேம். கடனைக் கிடனை வாங்கி, புரொசசரை இரு மடங்கு வேகமானதாக மாற்றினால் 12 என்பது 6 ஆகும். 31 அப்படியே 31. ஃபிரேம் எண்ணிக்கையும் அதே 32. காசு போனதுதான் மிச்சம்.

யார் இழுத்தடிக்கிறார் என்பதை ஒரு சதமும் செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். கேமின் அமைப்புக்குள் போய், திரைத் தெளிவை 1920×1080-இலிருந்து 1280×720-க்கு இறக்குங்கள். முன்னையதில் 20,73,600 புள்ளிகள். பின்னையதில் 9,21,600. கிராபிக்ஸ் சிப்பின் தீட்டும் வேலை பாதிக்கும் கீழே இறங்குகிறது. புரொசசரின் வேலையில் மாற்றமே இல்லை, ஏனென்றால் எதிரி நிற்கும் இடத்துக்கும் திரையின் புள்ளிக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. ஃபிரேம் எண்ணிக்கை துள்ளி ஏறினால் குற்றவாளி கிராபிக்ஸ் சிப். அசையாமல் நின்றால் புரொசசர், அல்லது அதற்குத் தீனி போடும் ரெம். இந்தச் சோதனையைச் செய்யாமல் கடைக்குப் போகக்கூடாது என்பது என் கட்சி. வைத்தியர்கூட நாடி பார்க்காமல் மருந்து எழுதமாட்டார்.

நம் ஒப்டிபிளெக்ஸில் அநேகமாகப் பிடிபடுவது கிராபிக்ஸ்தான். ஐ5-3470-க்குள் இருக்கும் எச்.டி. 2500 என்ற உள்ளமைந்த கிராபிக்ஸ், எக்ஸல் தாளும் யூடியூபும் காட்டுவதற்காக வைக்கப்பட்டது. அதற்கென்று சொந்த நினைவகம் கிடையாது. புரொசசரின் ரெம்மிலிருந்தே கடன் வாங்கித் தின்கிறது.

பையன் கேட்ட கேள்விக்கு இங்கேதான் ஒரு நேரான பதில் கிடைக்கிறது. டி.டி.ஆர்.3-1600 ரெம் துண்டு ஒன்று செக்கனுக்கு 160 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் அனுப்பும். மொத்தம் செக்கனுக்கு 12.8 ஜி.பி. மதர்போர்ட்டில் ரெம்முக்கு இரண்டு தனிப் பாதைகள் உண்டு. ஒரே துண்டாக 8 ஜி.பி. போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். 4 ஜி.பி. துண்டுகள் இரண்டை ஒவ்வொரு பாதையிலும் ஒன்றாகப் போட்டால் 25.6 ஜி.பி. வரும். கொள்ளளவு ஒன்றுதான், வேகம் இரட்டை. உள்ளமைந்த கிராபிக்ஸில் விளையாடுபவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சரியாகப் பொருந்தியதா என்று பார்க்க சி.பி.யூ.-இசட் என்ற இலவசக் கருவி போதும். மெமரி பக்கத்தில் இரண்டு பாதைகளும் இயங்குவதாகக் காட்ட வேண்டும். பாவித்த டி.டி.ஆர்.3 ரெம்மைத் தேடி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கெட்டுப்போகும் அசைவுப் பாகம் அதில் எதுவும் கிடையாது. தொடுமுனையில் படிந்த அழுக்கை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து எடுக்கும் கடைக்காரரின் வித்தையும் மூடநம்பிக்கையன்று. ஆனால் அழுத்தித் தேய்த்தால் மேலே இருக்கும் மெல்லிய தங்கப் பூச்சும் கூடவே போய்விடும்.

ரெம் பற்றாமல் போகும்போது வருகிற துன்பம் வேறு வகை. சராசரி எண்ணில் அது தெரியவே தெரியாது. நூறு ஃபிரேம்களில் 99 ஃபிரேம்கள் தலா 15 மில்லிசெக்கனிலும் ஒன்று மட்டும் 150 மில்லிசெக்கனிலும் வந்தால், மொத்தம் 1,635 மில்லிசெக்கன். சராசரி செக்கனுக்கு 61 ஃபிரேம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் ஏறக்குறைய ஒன்றரைச் செக்கனுக்கு ஒருமுறை படம் உறைந்து உறைந்து நகர்கிறது. எதிரி திரும்பிச் சுடுவதற்கு அந்த 150 மில்லிசெக்கன் தாராளம். அதனால்தான் விளையாட்டாளர்கள் சராசரியை விட்டுவிட்டு, மிக மோசமான ஒரு வீத ஃபிரேம்களைத் தனியாகப் பார்க்கிறார்கள். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற இலவசக் கருவிகள் அதை விளையாடும்போதே திரை ஓரத்தில் வரைந்து காட்டும்.

அந்தத் திக்கல் எங்கிருந்து வருகிறது? 4 ஜி.பி. ரெம் நிரம்பியதும் விண்டோஸ் மீதியை ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெக்கன் ஆகும். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். ஊசி அந்தத் தடத்துக்கு நகர இன்னும் ஒன்பது மில்லிசெக்கன் அளவில் சேருங்கள். ஒரு சிறு துணுக்கை எடுக்க 13 மில்லிசெக்கன். பத்துத் துணுக்குகள் வெவ்வேறு மூலைகளில் கிடந்தால் 130 மில்லிசெக்கன். எட்டு ஃபிரேம் காற்றில் போச்சு. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. அதே துணுக்கு 0.1 மில்லிசெக்கன் அளவில் கைக்கு வந்துவிடும். பழைய மெஷினுக்கு எஸ்.எஸ்.டி. போட்டவர்கள் புதிது வாங்கியதாகவே உணர்வது இதனால்தான். ஆனால் ஃபிரேம் எண்ணிக்கை ஏறும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்பவேண்டாம். கேம் சீக்கிரம் திறக்கும், திக்கல் குறையும், அவ்வளவே.

அடுத்தது கிராபிக்ஸ் கார்ட். இதில் பெயரைப் பார்த்து ஏமாறுவது எளிது. 2017-இல் என்விடியா வெளியிட்ட ஜி.டி. 1030 கார்டின் நினைவகம் ஜி.டி.டி.ஆர்.5 வகை, செக்கனுக்கு 48 ஜி.பி. 2018-இல் அதே பெயரில், அதே 1030 என்ற எண்ணோடு, டி.டி.ஆர்.4 நினைவகம் வைத்த இன்னொன்று வந்தது. அது 16.8 ஜி.பி. மூன்றில் ஒரு பங்கு! பெட்டியில் ஒரே பெயர்தான் இருக்கும். சின்ன எழுத்தைப் படிக்காமல் வாங்குபவர் பாடு திண்டாட்டம்.

கந்தோர் மெஷின்களின் பவர் சப்ளையில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனிக் கம்பி வராது. மதர்போர்ட்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளை தரும் மின்சாரம் உச்சபட்சம் 75 வாட். அதற்குள் வாழத் தெரிந்த கார்டுகள் சிலவே. 2014-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. 60 வாட் கேட்கும். 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. 75 வாட் கேட்கும், 4 ஜி.பி. சொந்த நினைவகம், செக்கனுக்கு 112 ஜி.பி. வேகம். எச்.டி. 2500-க்குக் கிடைக்கும் 25.6-ஐயும் இந்த 112-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலும் முந்தையதை அது புரொசசரோடு பங்குபோட வேண்டும். மெலிந்த பெட்டியாக இருந்தால் அரை உயரக் கார்டாகத் தேட வேண்டியிருக்கும்.

பாவித்த கார்ட் சந்தையில் ஒரு வேடிக்கை. கிரிப்டோ நாணயமான எதீரியம் 2022 செப்டெம்பர் 15 அன்று கிராபிக்ஸ் கார்ட் வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. உலகெங்கும் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் ஒரே நாளில் வேலை இழந்து, பாவித்த சந்தையில் குவிந்தன. உலகத்தில் விலை விழுந்த அந்த மாதத்தில்தான் இங்கே டொலர் 360 ரூபாவுக்கு மேல் நின்றது. விதி. அந்தக் கார்டுகளில் பிரபலமான ஆர்.எக்ஸ். 580-க்கு 185 வாட் வேண்டும், நம் ஒப்டிபிளெக்ஸால் சுமக்க முடியாது. இணைய விளம்பரங்களில் நம்பமுடியாத மலிவில் 1050 டி.ஐ. கண்ணில் பட்டால் இன்னொரு சந்தேகமும் வரவேண்டும். பத்து ஆண்டுக்கு மேல் பழைய, வேறு கார்டின் உள்மென்பொருளை மாற்றி எழுதி 1050 டி.ஐ. என்று காட்டும் போலிகள் உலகச் சந்தையில் புழங்குகின்றன. ஜி.பி.யூ.-இசட் என்ற இலவசக் கருவி அவற்றில் பலவற்றைப் போலி என்றே எழுதிக் காட்டிக்கொடுக்கும். காசு கொடுக்கும் முன்பே அதை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்குகிற விற்பனையாளரிடம் வாங்கத் தேவையில்லை.

இனிச் சூடு. ஒரு சிப் உண்ணும் மின்திறன், அதன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் கடிகார வேகத்தையும் பெருக்கிய அளவில் கூடும். உண்ட அத்தனையும் சூடாக வெளியே வந்தாக வேண்டும். 1974-இல் ஐ.பி.எம்.மின் ரொபேர்ட் டெனார்ட் குழு ஒரு நல்ல செய்தி சொன்னது: ட்ரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம், ஆகவே அதே பரப்பில் அதிக ட்ரான்சிஸ்டர்களை வேகமாக ஓட்டினாலும் சூடு கூடாது. முப்பது ஆண்டு அப்படியே நடந்தது. 2005-ஐ ஒட்டி அது நின்றுபோனது. மின்னழுத்தம் அதற்குக் கீழே இறங்க மறுத்தது. கடிகார வேகம் 3, 4 கிகாஹேர்ட்ஸ் பக்கத்தில் தேங்கியதும், 2012-இன் ஐ5 இன்றும் ஓரளவுக்குத் தாக்குப்பிடிப்பதும் ஒரே காரணத்தால்தான். வேக ஓட்டம் பழையபடி தொடர்ந்திருந்தால் பதின்மூன்று வயது மெஷின் இந்நேரம் அருங்காட்சியகத்தில் இருந்திருக்கும்.

ஐ5-3470-இன் கணக்கு 77 வாட். சிப்பின் சூடு சுமார் 100 பாகையைத் தொட்டால் அது தன்னைக் காத்துக்கொள்ளக் கடிகாரத்தைத் தானே மெதுவாக்கும். விளையாடத் தொடங்கி முதல் கால் மணித்தியாலம் நன்றாக ஓடி, பிறகு மந்தமாகிற மெஷின் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கண்டி இதில் கொஞ்சம் கொடுத்துவைத்த ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம், கொழும்பைவிடச் சில பாகை குளிர். அறைச் சூடு ஒரு பாகை குறைந்தால் சிப்பின் சூடும் ஏறத்தாழ ஒரு பாகை குறையும். ஆகவே அதே மெஷின் அதே கேமை ஓட்டும்போது கொழும்பைவிடக் கண்டியிலும், கண்டியைவிட நுவரெலியாவிலும் சுகமாக இருக்கும். உயரம் கூடும்போது காற்று கொஞ்சம் ஐதாகிறது. 500 மீற்றரில் அது ஐந்து வீத அளவுதான், விசிறி அதைப் பொருட்படுத்தாது. குளிர் தரும் ஆதாயத்தைத் தின்பது ஈரம். மழைக்காலத்தில் தூசு உதிர்ந்து போகாமல் ஒட்டிக்கொள்கிறது.

மூடியைத் திறந்து பாருங்கள். முதலில் சுவர் சொக்கட்டிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றவேண்டும். விசிறியின் இதழ்களில் கறுப்பு விளிம்பு தெரியும். அது சும்மா அழகுக்கு. உண்மையான அடைப்பு விசிறிக்குப் பின்னால், அலுமினியத் தகடுகளின் வாயில். அந்தத் தகடுகளாலான ஹீட்சிங்கிலிருந்து விசிறியைப் பிரித்தால், தகடுகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகளை மூடி, சாம்பல் நிறத்தில் ஒரு படை. நகத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுத் துண்டாக உரிந்து வரும். தலைமயிர், துணி நூல், பூனை உள்ள வீடென்றால் அதன் ரோமம், சமையலறைப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு, சில வேளை எறும்புகள். விசிறி முழு வேகத்தில் ஊளையிட்டும் காற்று உள்ளே போகாததன் காரணம் இதுதான். பெயின்ட் தூரிகை ஒன்றும் பலூன் ஊதும் கைப்பம்பும் போதும். வெளித் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் தாங்கி பழுதாகும்.

ஹீட்சிங்கைக் கழற்றினால் புரொசசரின் மேல் காய்ந்து வெடித்த வெள்ளைப் பசை தெரியும். இரண்டு உலோகப் பரப்புகள் பளபளவென்று தெரிந்தாலும் உண்மையில் மேடும் பள்ளமும். அழுத்தி வைத்தாலும் தொடுவது சில முனைகள்தான், இடையில் காற்று. செம்பு வெப்பத்தைக் கடத்தும் அளவு 400 என்றால் காற்று 0.026. பதினையாயிரத்தில் ஒரு பங்கு. நல்ல பசை 4 முதல் 10 வரை. செம்போடு ஒப்பிட்டால் அதுவும் மட்டம்தான். அதன் வேலை காற்றை வெளியேற்றி அந்த இடத்தில் உட்காருவது மட்டுமே. அதனால் நிறையப் பூசினால் நிறையக் குளிரும் என்பது தப்பு. பழையதை ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பயறளவு வைத்து, ஆணிகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் அது தானே பரவிக்கொள்ளும்.

சூட்டைக் குறைக்க இன்னொரு வழி, தேவையில்லாத ஃபிரேமைத் தயாரிக்காமல் இருப்பது. உங்கள் மொனிட்டர் செக்கனுக்கு 60 முறைதான் படம் மாற்றும் என்றால், கேமின் முகப்பு மெனுவில் 300 ஃபிரேம் ஓடுவதால் யாருக்கு லாபம்? 60-க்கு மட்டுப்படுத்துங்கள். மின்சாரமும் மிச்சம். விளையாடும்போது மெஷின் 150 வாட் இழுக்கிறது, நாளுக்கு நான்கு மணித்தியாலம் என்று வைத்தால் மாதத்துக்கு 18 யுனிட். நம் நாட்டின் படிநிலைக் கட்டணத்தில் 85 யுனிட்டில் நிற்கும் வீடு 103-க்குத் தாவினால், அடுத்த படியின் விலையும் கூடிய நிலையான கட்டணமும் சேர்ந்து வரும். அப்பா கேம் வேண்டாம் என்று சத்தம் போடும் மாதம் அது.

மின்சாரம் பற்றிப் பேசினால் இடியையும் பேச வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கண்டியில் பின்நேர இடிமழை வழமை. வானம் கறுத்ததும் சொக்கட்டிலிருந்து வயரைப் பிடுங்கும் அம்மாமார் செய்வது முழுக்கச் சரி. ரவுட்டருக்கு வரும் டெலிபோன் வயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும், மின்னலின் அதிர்ச்சி அந்த வழியாலும் வரும். யூ.பி.எஸ். விளையாடுவதற்கான பொருளன்று, சேமித்துவிட்டு மூடுவதற்குச் சில நிமிடம் வாங்கித் தருவது. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது அது பொம்மைதான். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டபோது, திடீர் நிறுத்தத்திலிருந்து எத்தனையோ ஹார்ட் டிஸ்குகளைக் காத்திருக்கும்.

கேமின் அமைப்புப் பக்கத்தில் எதைக் குறைப்பது? மேலே செய்த சோதனைதான் இதற்கும் வழிகாட்டி. நிழல், பிரதிபலிப்பு, விளிம்பை மழுக்கும் ஆன்டி-அலியாசிங் ஆகியவை பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்பின் சுமை. தெருவில் நடமாடும் கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம் ஆகியவை புரொசசரையும் வாட்டும். டெக்ஸ்சர் தரம் வேகத்தைவிட நினைவகக் கொள்ளளவைப் பொறுத்தது. 4 ஜி.பி. கார்டில் அதை நடுத்தரத்தில் வைத்தாலும் குடி முழுகாது. நிழலை முதலில் வெட்டுங்கள். சுட வருகிறவனின் நிழல் மென்மையாக விழவில்லை என்று எவரும் தோற்றதில்லை.

குறைந்த வலுவில் அதிகம் செய்யும் கலை இந்தத் துறையின் பிறவிக் குணம். 1990-இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஜோன் கார்மாக் என்ற இளைஞர் ஒரு சிக்கலை எதிர்கொண்டார்: நின்டென்டோவில் பின்னணி வழுக்கிக்கொண்டு நகரும், கந்தோர் கொம்பியூட்டர்களில் நகராது. முழுத் திரையையும் மறுபடி வரைய அவற்றுக்கு வலுவில்லை. முந்தைய படத்திலிருந்து மாறிய சதுரங்களை மட்டும் வரைந்தால் போதும் என்று அவர் கண்டார். 'கொமாண்டர் கீன்' கேம் அப்படிப் பிறந்தது. அந்தக் கலையின் இன்றைய வாரிசு, ஏ.எம்.டி. 2021 ஜூனில் வெளியிட்ட எஃப்.எஸ்.ஆர். சிறிய படமாகத் தீட்டி, விளிம்புகளை அறிந்து பெரிதாக்கிக் காட்டும் முறை அது. பழைய கார்டுகளிலும் ஓடும், என்விடியா கார்டிலும் ஓடும். டோட்டா 2-இலும் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இலும் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. இதற்கு மாறாக, ஒரு பட்டனை அழுத்தினால் கேம் பறக்கும் என்று விளம்பரம் செய்யும் 'பூஸ்டர்' மென்பொருள்கள் பின்னணியில் ஓடும் இரண்டொரு செயலிகளை மூடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. அதை நீங்களே டாஸ்க் மனேஜரில் செய்யலாம்.

எந்த உதிரிப்பாகத்தாலும் தீராத மந்தம் ஒன்று உண்டு. ஒன்லைனில் விளையாடும்போது சுட்டது பிந்திப் படுகிறதென்றால், அது ஃபிரேமின் குற்றமா, தூரத்தின் குற்றமா என்று பிரித்தறிய வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர 27 மில்லிசெக்கன், இதற்குக் கீழே இறங்க இயற்கை விடாது. கேபிள் நேர்கோட்டிலும் போவதில்லை, வழியில் சந்திகளும் உண்டு. மும்பாய் சுமார் 1,500 கிலோமீற்றர், போய்வர 15 மில்லிசெக்கன். ஆனால் தரவு எந்த வழியாகச் சுற்றிப் போகிறது என்பது இணைப்பைக் கொடுக்கும் நிறுவனத்தின் ஏற்பாடு. ஆகவே வரைபடத்தில் கிட்ட இருக்கும் சேர்வர், போய்வரும் நேரமான பிங்கில் தூரமாக இருப்பதும் நடக்கும். இரண்டையும் சோதித்துத் தேர்ந்தெடுங்கள். கண்டியில் இருப்பதால் கூடுவது ஒரு மில்லிசெக்கன் அளவுதான். மலைக்குப் பின்னால் சிக்னல் தேடும் 4ஜி ரவுட்டர் அதைவிடப் பல மடங்கு தின்னும், அதுவும் ஒவ்வொரு கணமும் வெவ்வேறு அளவில். ரவுட்டரைக் கோபுரம் தெரியும் ஜன்னலுக்கு மாற்றி, மெஷினுக்கு வை-ஃபைக்குப் பதில் வயர் இழுப்பது எந்தக் கிராபிக்ஸ் கார்டையும்விட மலிவு.

கடைசியில், நாட்காட்டி. விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெலின் எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சிப்பும். ஐ5-3470 மூன்றாம் தலைமுறை. 750 டி.ஐ., 1050 டி.ஐ. கார்டுகளுக்கான புதிய கேம் டிரைவர்களையும் என்விடியா அதே ஒக்டோபரோடு நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். லினக்ஸ் ஒரு வழி: வால்வ் 2018-இல் வெளியிட்ட புரோட்டன், விண்டோஸ் கேம்களில் பெரும்பகுதியை லினக்ஸில் ஓடவைக்கிறது. எச்.டி. 2500-ஐ மட்டும் வைத்துக்கொண்டு அதை முயல்வது வீண், புரோட்டன் சார்ந்திருக்கும் வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்துக்கு அதில் முறையான ஆதரவு இல்லை. 1050 டி.ஐ. இருந்தால் முயலலாம். வலோரண்ட் விளையாடுபவருக்கு அந்த வழியும் அடைப்பு, அதன் ஏமாற்றுத்தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது.

லினக்ஸ், விண்டோஸ் இரண்டையும் ஒரே மெஷினில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். பாடசாலை வேலையும் வங்கிக் கணக்கும் லினக்ஸில், இணையம் வேண்டாத பழைய கேம்கள் விண்டோஸ் 10-இல். 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றில் இரண்டும் அடங்கும். ஜி.டி.ஏ. 5 ஒன்றே அதில் பாதியை விழுங்கிவிடும் என்பதால், அதை மட்டும் பழைய ஹார்ட் டிஸ்கிலேயே விட்டுவையுங்கள்.